தொண்ணூறில் தொண்ணூறு போனால்

ஆவரங்கரிசலுக்கு அதிர்ஷ்டம் அடித்ததற்குக் காரணம், அந்த ஊரில் ஒன்றுமே இல்லாததுதான்.

ஆலை கிடையாது, ரயில் கிடையாது, நெடுஞ்சாலை எட்டிக்கூடப் பார்த்தது கிடையாது. ஒருவர் செங்கல் சூளை ஆரம்பித்துப் பார்த்தார். மண் சரியில்லையென்று ஒரே வருஷத்தில் மூட்டையைக் கட்டிவிட்டார். பஸ் கேட்டு மூன்று தலைமுறையாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலாவில் மனிதர்கள் குடியேறி, அங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அங்கேயும் டொனேஷன் வாங்க ஆரம்பித்துவிட்ட காலம் அது. ஆவரங்கரிசலுக்கு மட்டும் பஸ் வரவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் காற்றளவு வாரியத்தார் வந்து இறங்கினார்கள். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். கருவேலங்காடும் பருத்திக் காடும் வானமும் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "அடேயப்பா, இங்கே எதுவுமே இல்லையே!" என்று வாயைப் பிளந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவி சுடலைவடிவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு ஊரைத்தான் நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம் என்றார்கள். சுடலைவடிவு பதவிக்கு வந்த புதிது. இத்தனை காலம் கழித்து ஒருவழியாக யாரோ தங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவளும் மனசு குளிர்ந்து போனாள். எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். நகரங்களின் காற்றில் இருக்கும் மாசுக்கெல்லாம் நகரத்தையே குற்றம் சொன்னால் எப்படி என்று நகரத்துக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். காற்றில் இயற்கையாகவே கொஞ்சம் கெடுதல் இருக்குமல்லவா? அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் அபராதம் போடுங்கள் என்றார்கள். அரசாங்கமும் சரியென்று தலையாட்டி, பின்னணிச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. எதுவுமே இல்லாத ஒரு ஊரில் காற்றை அளப்பது. அங்கே என்ன அளவு வருகிறதோ அதுதான் இயற்கை. மற்ற ஊர்களின் அளவிலிருந்து அதைக் கழித்தால் வருவது அந்தந்த ஊரின் மாசு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கேட்பதற்கு நியாயமாக இல்லாத சட்டத்தை யார்தான் போடுகிறார்கள்?

ஊருக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி, பொட்டலில் வெள்ளையடித்த ஒரு கட்டடம் எழும்பியது. அதன் தலையில் கண்ணாடிக் குழாய் ஒன்று காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. வாசலில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு எண்பலகை. திறப்புவிழாவுக்கு ஆள் உயரத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள்: "நாட்டின் மூச்சுக்கு எங்கள் ஊரே அளவுகோல்." சுடலைவடிவின் படமும் அதில் இருந்தது, கொஞ்சம் சிவப்பாக்கி.

பெருமையோடு சேர்ந்து விதிகளும் வந்தன. அளவுகோலாக இருக்கும் ஊர் அழுக்காகலாமா? டீசல் வண்டி ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. பருத்திமார்க் குச்சிகளை எரிக்கக் கூடாது. விறகடுப்பு கூடாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி கூடாது. சாமிக்குச் சாம்பிராணி போடுவதானால் வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். சாமி அந்த வருஷம் மணமில்லாமலேயே ஆடிவிட்டுப் போனார். பஸ் விஷயத்தைக் கேட்கவே வேண்டாம். அதுவரை பஸ் வராமல் இருந்தது அலட்சியத்தால். இனி வராமல் இருக்கப்போவது சட்டப்படி.

இத்தனை கட்டுப்பாடும் இருந்து காற்று எப்படி இருந்திருக்க வேண்டும்? இளநீர் மாதிரி இருந்திருக்க வேண்டாமா? ஆனால் அந்த ஊரில் உச்சிவெயில் ஏறினால் கண் எரிந்தது, தொண்டை கமறியது. சைக்கிள் டயர்கள் வாங்கின வருஷமே பாளம் பாளமாக வெடித்தன. பருத்தி இலைகளில் யாரோ பழுப்பு மையைத் தெளித்தது போலப் புள்ளி விழுந்தது. சுடலைவடிவின் ஒரே மகள் இசக்கிமதிக்கு மத்தியானமானால் மூச்சு இழுத்தது.

இசக்கிமதி எட்டாம் வகுப்பு படித்தாள். கோகோவில் அவளைப் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அப்படி ஓடின பிள்ளை, பள்ளிக்கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, நெஞ்சு எலும்பு உள்ளே போய் வெளியே வர, விசில் சத்தத்தோடு மூச்சு வாங்கினாள். சாயங்காலம் வெயில் இறங்கினால் சரியாகிவிடும். மறுநாள் மத்தியானம் மறுபடியும் அதே கதை. புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு இந்த ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள் சுடலைவடிவு. மகளின் விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மூச்சே நின்றுவிடும் போல இருந்தது.

பிள்ளையை அள்ளிக்கொண்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே தூயகாற்று வார்டு என்று ஒன்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். வெளிக்காற்றை ஏழு வடிகட்டிகளில் வடித்து உள்ளே விடுவார்களாம். ஒரு பருவம் முழுக்க அங்கே வைத்து மருந்து கொடுத்தால் நுரையீரல் ஆறிவிடும் என்று டாக்டரே சொன்னார். சுடலைவடிவு அங்கேயே தரையில் விழுந்து கும்பிடாத குறைதான். ஆனால் கட்டில் ஒதுக்குகிற கவுண்டரில் இருந்தவர் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆவரங்கரிசலா? ஏம்மா, விளையாடுறீங்களா? உங்க ஊர்ல மாசு பூஜ்யம்னு போட்டிருக்கு. மாசுள்ள ஊர்க்காரங்களுக்குத்தான் இந்த வார்டு."

"பிள்ள மூச்சு விட முடியாம கிடக்கா, நீங்க பூஜ்யங்கீக. அவளப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் பார்த்து என்னம்மா செய்ய? மிஷின்ல பூஜ்யம்னு இருந்தா கட்டில் விழாது. உங்க ஊர்க் காத்துக்குத்தான் நாங்கெல்லாம் இங்க ஏங்கிக்கிட்டுக் கிடக்கோம். பிள்ளையக் கூட்டிட்டுப் போயி நல்லா உங்க ஊர்க் காத்தைச் சுவாசிக்க விடுங்க, சரியாயிரும்."

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னார். சுடலைவடிவுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் திரும்பினதும் நேரே பொட்டலுக்குப் போனாள். அந்தக் கட்டடத்தின் பொறுப்பாளர் மார்த்தாண்டத்துக்காரர், கிளாட்சன் என்று பெயர். முப்பது வயசு இருக்கும். காற்றைப் பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர். பட்டத்துக்குப் பரிசாக இந்தப் பொட்டல் கிடைத்திருந்தது. எண்பலகையில் தொண்ணூறு என்று எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்தத் தொண்ணூறுன்னா என்ன? நெசத்தச் சொல்லுங்க."

"ஓசோன் அக்கா. காத்துல அது அம்புட்டு இருக்கு. நாப்பதுக்கு மேல போனாலே பிள்ளைங்களுக்கு ஆகாது."

"ஓசோன் நல்லதுல்லா? ஓட்டை விழுந்திருச்சின்னு பள்ளிக்கூடத்துல எங்கள அழ வச்சாகளே!"

"அது மேல இருக்கிற வரைக்கும் நல்லது. கீழ இறங்கி நம்ம மூக்குக்கு முன்னால வந்தா விஷம், கேட்டீங்களா."

"நம்ம கட்சிக்காரக மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அவள். அந்த வருத்தத்திலும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "சரி, இங்கதான் அடுப்பெரிக்கக்கூட விடல. பெறகு எங்கேருந்து வருது இந்தக் கருமம்?"

கிளாட்சன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். "நகரத்துலேருந்துதான். வண்டிப் புகை, அனல்மின் புகை, பெயின்ட் ஆலை ஆவி எல்லாம் சேர்ந்து காத்துல கிளம்பி வருது. வழி முழுக்க வெயில். அந்த வெயில்ல கிடந்து வெந்து வெந்து ஓசோனா மாறுது. நம்ம ஊருக்கு வந்து சேரும்போதுதான் நல்லாப் பக்குவம் ஆகுது. அடுப்பு அங்க, பந்தி இங்க."

"அப்போ நகரத்துல?"

"அங்கதான் வேடிக்கை. புதுசா வாற புகை இருக்கே, அது பக்கத்துல இருக்கிற ஓசோனைத் தின்னுடும். அதனால புகை நிறைய உள்ள நாற்சந்தியில ஓசோன் கம்மி. புகையே இல்லாத நம்ம ஊர்லதான் ஜாஸ்தி."

சுடலைவடிவு எண்பலகையைக் கைகாட்டினாள். "தொண்ணூறு இருக்குன்னு ஒம்ம மிஷினே சொல்லுது. ஆஸ்பத்திரியில பூஜ்யங்காக. எது நெசம்?"

"ரெண்டும்தான் அக்கா." அவர் முகம் வாடிப்போயிற்று. "உங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஊர் அளவுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கோம்ல? அதுலயும் தொண்ணூறு. இந்த நிலையம்தான் பின்னணி, இதுலயும் தொண்ணூறு. தொண்ணூறுல தொண்ணூறு போனா?"

"அட பாவிகளா!" என்று எழுந்துவிட்டாள். "கத்தரிக்காய ஒரு தட்டுல வச்சு, எடைக்கல்லு வைக்க வேண்டிய தட்டுலயும் அதே கத்தரிக்காய வச்சு நிறுத்தா எம்புட்டுக் காட்டும்? நீங்கெல்லாம் படிச்ச ஆளுகதானா?"

"மூணு தடவை எழுதிட்டேன் அக்கா. பின்னணிங்கிறது இயற்கை, இயற்கை மாசாக முடியாதுன்னு பதில் வருது."

சுடலைவடிவு விடுகிற ஆள் இல்லை. கலெக்டரிலிருந்து வாரியம் வரை ஒரு ஆளைப் பாக்கி வைக்காமல் மனுக் கொடுத்தாள். ஆபீஸ் வாசல்களில் உட்கார்ந்து சத்தம் போட்டாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரிகள் காதில் அந்த விசில் சத்தம் விழும்படி பக்கத்தில் நிறுத்தினாள். தொல்லை தாங்காமல் வாரியம் ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பியது. வாரியத் தலைவர் பரஞ்சோதியே நேரில் வந்தார்.

அவர் ஒருவர் வந்தாரா? தலைவர் என்றால் துணைத் தலைவர் வர வேண்டும், துணைத் தலைவருக்கு ஒரு செயலாளர், படம் பிடிக்க ஆள், குடிதண்ணீருக்கு ஒரு வண்டி. கரட்டு வழியில் போக வேண்டுமே என்று எல்லாம் பெரிய பெரிய டீசல் ஜீப்புகள். பின்னணி ஊர் எல்லைக்குள் டீசல் வண்டி வரக் கூடாது என்ற விதி ஊர்க்காரர்களுக்குத்தானே, விதி போட்டவர்களுக்கு இல்லையே! வரிசையாக வந்து காற்றிழுக்கும் குழாய்க்கு நேர் கீழே நிழல் பார்த்து நின்றன. உச்சி வெயில். இறங்கி ஏறும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதற்காக டிரைவர்கள் ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை. எண்பலகையில் தொண்ணூறு எழுபதானது, நாற்பதானது. தலைவருக்கு மாலை போட்டு முடிப்பதற்குள் ஆறுக்கு வந்துவிட்டது.

பரஞ்சோதி பலகையை அண்ணாந்து பார்த்தார். "தொண்ணூறுன்னு எழுதியிருந்தீங்க மிஸ்டர் கிளாட்சன். எங்கே தொண்ணூறு?"

"சார், அது உங்க வண்டிப் புகையால..."

"எங்க வண்டிப் புகையால காத்து சுத்தமாகுதுன்னு சொல்றீங்களா?"

"சுத்தமாகல சார். ஓசோனை மட்டும் தின்னுது. ஆனா..."

"அளவு குறையுதா இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க."

"குறையுது சார். ஆனா..."

"குறிச்சுக்குங்க" என்றார் தலைவர் செயலாளரிடம். செயலாளரும் குறித்துக்கொண்டார். குழுவின் வருகையால் ஆவரங்கரிசலின் காற்றுத் தரம் கணிசமாக மேம்பட்டது என்று பிறகு அறிக்கையில் அச்சடித்தே போட்டார்கள். தலைவர் வருகிற இடமெல்லாம் சாலை சுத்தமாகும், சுவர் வெள்ளையாகும், மருத்துவமனையில் மருந்து வந்துவிடும். காற்று மட்டும் மரியாதை தெரியாமலா இருக்கும்?

ஊர் ஜனம் முணுமுணுத்தது. சுடலைவடிவு மட்டும் அந்த ஆறையே பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே ஆறு. ஒரு மைல் தள்ளிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் இந்த நேரத்துக்குத் தொண்ணூறு. தொண்ணூறில் ஆறு போனால்? எண்பத்துநாலு, மாசுள்ள ஊர்! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைவர் முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"ஐயா, நீங்க வந்து நின்ன கொஞ்ச நேரத்துல காத்து இம்புட்டுச் சுத்தமாயிருச்சே! இது தெரியாம நாங்க மனு மேல மனு குடுத்து ஒங்கள அலைக்கழிச்சிட்டோம். நீங்க தெனமும் வர முடியுமா? ஒங்களுக்குப் பதிலா ஒரு பஸ்ஸாவது இந்த எடத்துல வந்து நின்னுச்சுன்னா நாட்டுக்கே நல்லதுல்லா?"

கிளாட்சன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலைவருக்குப் புரியவில்லை, புகழ்ச்சி காதில் விழுந்த பிறகு அவருக்கு வேறெதுவும் விழாது. மூன்று தலைமுறை மனுவுக்கு அசையாத பஸ், அவர் தலையை ஒரு தரம் அசைத்ததில் உத்தரவாகிவிட்டது. நிறுத்தம், நிலையத்துக்கு எதிரிலேயே.

ஜீப்புகள் போன பிறகு கிளாட்சன் வெடித்தார். "என்ன காரியம் செய்தீங்க அக்கா! நாடு முழுக்க இந்த நம்பரை வச்சுத்தான் கழிக்கிறாங்க. பொய் நம்பர் ஆகிப்போகும்."

"இப்ப இருக்கது நெச நம்பரா?"

"நம்பர் நெசம். கணக்குத்தான் பொய்."

"சரி தம்பி. ரெண்டு பொய்யில எந்தப் பொய்ய வச்சா எம்பிள்ளைக்குக் கட்டில் கிடைக்கும்?"

பள்ளிக்கூடத்தில் இசக்கிமதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கிளாட்சனும் பார்த்திருக்கிறார்.

பஸ் வந்தது. நகரத்தில் கரண்ட் பஸ் வந்த பிறகு கழித்துக்கட்டிய பழைய டீசல் வண்டி. கிராமத்துக்கு அது போதாதா? அதற்கு செல்ஃப் எடுக்காது. ஒரு தரம் அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால் டிரைவர் காலையில் டிப்போவில் கிளப்பினால் சாயங்காலம் டிப்போவில்தான் அணைப்பார். மத்தியானச் சாப்பாடும் தூக்கமும் ஆவரங்கரிசல் நிறுத்தத்தில். அவர் தூங்கும்போதும் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் தடைக்குப் பயந்து முடக்கிவைத்திருந்த தங்கள் டிராக்டர்களையும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். தலைவரே புகையால் காற்று மேம்படும் என்று எழுதிக் கொடுத்த பிறகு யார் தடுக்க முடியும்? எண்பலகை நாலுக்கும் ஏழுக்கும் நடுவிலேயே கிடந்தது. புகை முழுவதும் கிளாட்சன் ஜன்னலுக்குள் போயிற்று. அவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுடலைவடிவு ஒருநாள் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "மன்னிச்சிருங்க தம்பி" என்று சொல்லவும் செய்தாள். அவர் இருமிக்கொண்டே கையை ஆட்டினார்.

அடுத்த தரம் வாரியம் நாட்டின் காற்று வரைபடத்தை வெளியிட்டபோது, அதுவரை பச்சையாக ஜொலித்த நகரங்களெல்லாம் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தன. நேற்று வரை நாற்பதில் தொண்ணூறைக் கழித்து, வந்த குறை எண்ணைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, பாராட்டு விழா நடத்திக்கொண்டிருந்த நகரங்கள். இப்போது நாற்பதில் ஐந்தைக் கழிக்க வேண்டியிருந்தது. வரைபடத்தின் தென்கோடியில் ஒரு சின்னப் புள்ளி எல்லாவற்றையும்விட அதிகச் சிவப்பாக இருந்தது. அது ஆவரங்கரிசல் பள்ளிக்கூடத்துச் சுவர்.

ஊரே கொண்டாடியது. சட்டம் வந்த பிறகு முதல் தரமாக மாசடைந்த ஊராகிவிட்டார்கள்! வீட்டுக்கு வீடு கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். "நாம அழுக்குப் பயலுகன்னு சர்க்காரே ஒத்துக்கிட்டான்ல" என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார். கொடைக்குத் தடையில்லாமல் வெடி போட்டார்கள்.

இசக்கிமதிக்குக் கட்டில் கிடைத்தது. அதே கவுண்டர், அதே ஆள். "அடடா, மோசமான ஊர்லேருந்து வர்றீங்களே, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார். சுடலைவடிவு இருந்த சந்தோஷத்தில் அவர் கையையும் பிடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

நகரங்கள் சும்மா இருக்குமா? ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். மேயர்கள் டெல்லிக்குப் பறந்தார்கள். கிளாட்சனுக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம் வந்தது, நிலாவுக்கு. அங்கே வெளியில் அளப்பதற்குக் காற்றே கிடையாது என்பதால் தவறு நேர வாய்ப்பில்லை என்று உத்தரவில் குறிப்பிட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் பரஞ்சோதி தனியாக வந்தார். இந்தத் தடவை ஒரே ஒரு கார், சத்தமில்லாத கரண்ட் கார். நிலையத்துக்குப் போகவில்லை, நேரே பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து சுடலைவடிவின் எதிரில் உட்கார்ந்தார்.

"கெட்டிக்காரிதாம்மா நீங்க. என் வாயாலயே பஸ் விட வச்சிட்டீங்க."

"நீங்கதான ஐயா காத்து மேம்பட்டுச்சுன்னு எழுதுனீக."

"எழுதினேன். அதை மறுபடியும் மாத்தி எழுத முடியாது, என் பேர் கெட்டுடும். பஸ்ஸும் இருக்கட்டும். ஆனா இந்த நம்பர் நீடிக்க முடியாது. ஒண்ணு, நாங்க அந்தப் பொட்டலைச் சுத்தி வேலி போட்டு, வண்டியே வராம தடுத்து, பழையபடி தொண்ணூறு வர வைப்போம். அப்போ உங்க ஊர் மறுபடியும் பூஜ்யம். உங்க பொண்ணு வார்டை விட்டு அன்னைக்கே வெளியே வரணும்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது, நிலையத்தையே இடம் மாத்திடுறோம். உங்க ஊர் சாதாரண ஊர் ஆயிடும். ஆனா பழைய அளவுகோல் ஊர்னு உங்களுக்கு மட்டும் எதையும் கழிக்க மாட்டோம்; உள்ளபடி அளந்து, உள்ளபடி சிவப்பு. பொண்ணு இருக்கலாம். நீங்க செய்ய வேண்டியது, எதுவுமே இல்லாத வேற ஒரு இடத்தைச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டுக் குடுக்கணும். உங்க பஞ்சாயத்துலயே நரிப்பொட்டல்னு ஒண்ணு இருக்காமே?"

நரிப்பொட்டல் ஆவரங்கரிசலுக்கும் தெற்கே உள்ள சின்னக் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு ஓட்டு மாறாமல் சுடலைவடிவுக்குப் போட்டவர்கள். அங்கே எதுவுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தேர்தலில் அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டிருந்தாள்.

"ஆளே இல்லாத காட்டுல கொண்டுபோயி வைங்களேன் ஐயா. நாட்டுல எடமா இல்ல?"

"கரண்ட் வேணும், காவல் வேணும், பஞ்சாயத்துத் தீர்மானம் வேணும். ஆளில்லாத இடத்துல யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க?"

"அப்ப இந்தக் கழிக்கிற சட்டத்தத்தான் மாத்துங்களேன்! எங்க மாசு எங்கேருந்து வருதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்மா. ஆனா சட்டத்தை மாத்தறது கஷ்டம். ஊரை மாத்தறது சுலபம்." அவர் எழுந்துகொண்டார். "நாளைக்குச் சொன்னாப் போதும்."

அன்றைக்கே அதே ஓட்டைப் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நரிப்பொட்டலைக் கொடுக்க முடியாது என்று மகளிடம் சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், வருவது வரட்டும் என்று வழியெல்லாம் நெஞ்சை உறுதியாக்கிக்கொண்டே போனாள். வார்டுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே இசக்கிமதி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். மணி உச்சி தாண்டியிருந்தது. ஊரில் இருந்தால் இந்நேரம் தூணைப் பிடித்திருப்பாள்.

அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "எம்மா, ஒரு விசயம். வராண்டாவுல இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசிக்கு ஓடிப் பாத்தேன். எளைக்கவே இல்லம்மா! நர்ஸக்கா ஏசுனாக. ஆனா எளைக்கவே இல்ல."

சுடலைவடிவு அவளைக் கட்டிக்கொண்டாள். முதுகில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. மூச்சு சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வந்தது. எத்தனை மாதத்துக்கு அப்புறம்! வாய்விட்டு அழுதுவிட்டாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாயாரும் சேர்ந்து அழுதாள், எதற்கென்று தெரியாமலே. சொல்ல வந்ததைச் சொல்லாமலே சுடலைவடிவு ஊர் திரும்பினாள். மறுநாள் தீர்மானம் நிறைவேறியது. உறுப்பினர்கள் ஒருவரும் எதிர்க்கவில்லை. நரிப்பொட்டல் உறுப்பினருக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

நரிப்பொட்டலில் திறப்புவிழா அமர்க்களப்பட்டது. புது வெள்ளைக் கட்டடம், புது எண்பலகை. ஊரே குளித்து முழுகி வந்திருந்தது. பரஞ்சோதி மைக்கைப் பிடித்து, இந்த மண் இனி தேசத்தின் அளவுகோல் என்றார், இங்கே மாசு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இத்தனைக்கும் காரணமான நம்ம தலைவி என்று சொல்லி சுடலைவடிவுக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார்கள். வெயில் ஏற ஏற அவள் கண் எரிந்தது. மற்றவர்களுக்கும் எரிந்தது, புது இடத்துச் சுண்ணாம்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பந்தல் ஓரமாக ஒதுங்கினவளிடம் சின்ன வயசுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். சொர்ணக்கிளி என்று பெயர், ஓட்டுக் கேட்டு வந்தபோது ஆரத்தி எடுத்தவள். "இவன ஒருக்கா தூக்குங்கத்தே, ஒங்க கையால ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குழந்தையை நீட்டினாள்.

சுடலைவடிவு வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பால்மணம் மாறாத பையன். அவன் நெஞ்சு அவள் தோளில் படிந்ததும் மாலையின் ரோஜா இதழ்களுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. மெலிசான விசில், உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று.

"அத்தே, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சொர்ணக்கிளி. "இனிமே நம்ம ஊர்ல மாசே கெடையாதுன்னு அந்த ஐயா மைக்குல சொன்னாகளே. நெசந்தான?"

சுடலைவடிவு அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, சந்தேகம்கூட இல்லை. வாயைத் திறந்தாள். எதிரில் மேடையிலிருந்து பரஞ்சோதி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டவுனில் மகள் இந்நேரம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருப்பாள்.

"நெசந்தாம்ட்டி" என்றாள்.

"அப்ப இவனுக்கு மூச்சு எளைக்கது சரியாயிரும்லா?"

"சரியாயிரும்."

சொர்ணக்கிளிக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "கேட்டீகளா, தலைவரத்தையே சொல்லிட்டாக. நாளைக்கு டவுனு ஆஸ்பத்திரிக்குப் போகாண்டாம்."

சுடலைவடிவு குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.